இடம் மாறும் சொல்! ஏமாறும் மக்கள்!

"எல்லாம் அவன் செயல்" என்கிறார் பூசாரியார். "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணமே கடவுள்" என்கிறார் காலட்சேபக்காரர். "இந்தத் தலத்தில் வேண்டிக்கொண்ட எவரும் வெறுங்கையுடன் திரும்பியதில்லை" என்கிறது கோயில் வாயிலில் விற்கப்படும் சிறு ஏடு. எல்லாம், எவரும், ஒன்று, உண்டு, இல்லை! ஐந்தே சொற்கள். இந்த ஐந்து சொற்களை அடுக்கியும் குலுக்கியும், முன்னதைப் பின்னதாக்கியும் பின்னதை முன்னதாக்கியும் எழுப்பப்பட்டதுதான் வைதிகக் கோட்டை. அதைத் தகர்க்கக் கடப்பாரை தேவையில்லை. அந்தச் சொற்களை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும்.

அந்தத் தராசு இருக்கிறது. கணித அறிஞர்களின் கையில் இருக்கிறது. எண்ணியலின் கூற்றுகளை அளவை நூலின் குறியீட்டு மொழியிலே பெயர்த்தெழுதுவது என்பது அதன் பெயர். "ஒவ்வொன்றுக்கும்" என்று முழுமையைச் சொல்லும் குறி ஒன்று. "ஒன்று உண்டு" என்று இருப்பைச் சொல்லும் குறி மற்றொன்று. இவற்றை அளவுச்சொற்கள் என்போம். இந்த இரண்டுடன் "அல்ல", "மேலும்", "அல்லது", "எனில்" என்னும் இணைப்புகளையும் சேர்த்துக்கொண்டால், எண்களைப் பற்றி யூக்ளிட் முதல் இன்றைய அறிஞர் வரை கூறிய கூற்றுகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிடலாம்.

"பகுத்தறிவுப் பாசறைக்குப் பகா எண் எதற்கு? சாதிக் கொடுமையைச் சாடவேண்டிய நேரத்தில் சமன்பாடா?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! விடையிறுக்கவே இந்தக் கட்டுரை.

யூக்ளிட் கி.மு. 300 அளவில் எழுதிய உண்மை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகா எண்களுக்கு முடிவில்லை என்பது அது. "முடிவில்லை" என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஆன்மிகவாதிக்கு மெய் சிலிர்க்கிறது. "பார்த்தீரா, கணக்கும் கடைசியில் அனந்தத்திடம்தான் சரணடைகிறது" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனால், குறியீட்டு மொழியிலே அதைப் பெயர்த்தால் என்ன வருகிறது?

(ஒவ்வொரு ந-வுக்கும்) (ஒரு ப உண்டு): ப பகா எண், மேலும் ப, ந-வைவிடப் பெரிது.

இதில் அனந்தம் எங்கே? முடிவிலி எங்கே? மருந்துக்கும் இல்லை! நீங்கள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பகா எண் ஒன்று உண்டு என்று நாம் காட்டுவோம் — அவ்வளவுதான் அதன் பொருள். காட்டுவதும் எளிது. 1 முதல் ந வரை எல்லா எண்களையும் பெருக்கி, அதனுடன் 1 கூட்டுக. வரும் எண்ணை 2 முதல் ந வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவாயினும், அது ந-வைவிடப் பெரிதாகவே இருந்தாகவேண்டும். முடிந்தது மெய்ப்பிப்பு! தவம் இல்லை, தீட்சை இல்லை, குருவின் பாதம் இல்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த பள்ளிச் சிறுவன் போதும்.

"பகா எண்" என்ற சொல்லையும் மர்மமாக விட்டுவைப்பதில்லை இந்த மொழி. ப 1-ஐவிடப் பெரிது. மேலும், ஒவ்வொரு க-வுக்கும் ஒவ்வொரு ச-வுக்கும், க-வையும் ச-வையும் பெருக்கினால் ப வரும் எனில், க 1 ஆகவேண்டும், அல்லது ச 1 ஆகவேண்டும். இதுவே பகா எண். பெருக்கலும் ஒப்பிடலும் தவிர வேறெதுவும் இதில் இல்லை. "அனுபவித்தால்தான் தெரியும்" என்று தப்பித்துக்கொள்ள ஒரு சந்துகூட இல்லை.

இனி, மேலே எழுதிய கூற்றில் இரண்டு அளவுச்சொற்களின் இடத்தை மட்டும் மாற்றுவோம்.

(ஒரு ப உண்டு) (ஒவ்வொரு ந-வுக்கும்): ப பகா எண், மேலும் ப, ந-வைவிடப் பெரிது.

சொற்கள் அவையே. ஓர் எழுத்தும் கூடவில்லை; குறையவில்லை. ஆனால் பொருளோ தலைகீழ்! எல்லா எண்களையும்விடப் பெரிய பகா எண் ஒன்று இருக்கிறது என்கிறது இது. அந்த எண் தன்னைவிடவும் பெரிதாக இருக்கவேண்டும். முன்னது மலைபோல் நிற்கும் உண்மை. பின்னது பித்தர் பேச்சு. இடையே நடந்தது இட மாற்றம் மட்டுமே.

இப்போது காலட்சேபக்காரரை அழைப்போம்! "ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு காரணம் உண்டு" என்று தொடங்குகிறார். சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மூச்சில், "ஆகவே, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் காரணமான ஒன்று உண்டு" என்று முடிக்கிறார். கவனித்தீர்களா கைவரிசையை? "ஒவ்வொன்றுக்கும் — ஒன்று உண்டு" என்று இருந்தது, "ஒன்று உண்டு — ஒவ்வொன்றுக்கும்" என்று ஆயிற்று. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு. ஆகவே உலகத்து மனிதர் அனைவருக்கும் ஒரே தாய் என்று கூறுபவனைப் பார்த்து நகைக்கிறோம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. ஆகவே எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு என்பவனிடம் வீட்டை ஒப்படைக்க அஞ்சுகிறோம். ஆனால் அதே வாதத்தைப் பட்டுப் பீதாம்பரம் போர்த்தி, மேடையேற்றி, மிருதங்கம் தட்டினால், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்!

நேர்மையுடன் ஒன்றைச் சொல்லவேண்டும். இதனால் கடவுள் இல்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. இந்த வாதம் செல்லாது என்றுதான் கூறுகிறோம். வேறு வாதம் வைத்திருப்போர் கொண்டுவரட்டும். தராசு அதே இடத்தில்தான் இருக்கும்.

சொற்களை இப்படி நிறுத்துப் பார்க்கும் கலை ஒரே நாளில் பிறந்ததல்ல. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் வகுத்த முக்கூற்று முறையே இரண்டாயிரம் ஆண்டுகள் அளவை நூலின் ஆட்சிபீடத்தில் வீற்றிருந்தது. மனிதன் விலங்கினத்தைச் சேர்ந்தவன். ஆகவே மனிதனின் தலை ஒரு விலங்கின் தலை. குழந்தைக்கும் விளங்கும் இந்த முடிவை அந்த முக்கூற்று முறையால் எட்ட இயலாது என்று 1847-இல் எழுதிய ஓர் ஏட்டிலே எடுத்துக்காட்டினார் அகஸ்டஸ் டி மார்கன். அவர் யார்? 1806-இல் நம் மதுரையிலே பிறந்தவர்! தந்தை கிழக்கிந்தியக் கும்பினியின் படை அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். கேம்பிரிட்ஜில் தேர்ச்சி பெற்றும், சமய உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்ததால், மேற்பட்டமும் ஆய்வாளர் பதவியும் அவருக்குக் கிட்டவில்லை. சமயச் சோதனை வைக்காத இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1828-இல் கணிதப் பேராசிரியரானார். அந்தக் கல்லூரியே பின்னாளில் ஒருவரின் சமயக் கருத்தைக் காட்டிப் பேராசிரியர் பதவியை மறுத்தபோது, கொள்கைக்காக 1866-இல் பதவியைத் தூக்கி எறிந்தார்! அளவை நூலைக் கற்றவர் வாழ்விலும் அளவோடு நின்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"இதுவும் அதுவும்" என்பதை மறுத்தால் "இது அல்ல, அல்லது அது அல்ல" என்று ஆகும் என்ற விதி அவர் பெயரால் வழங்குகிறது. அதையே அளவுச்சொற்களுக்கு நீட்டினால், "எல்லாம் அப்படியே" என்பதன் மறுப்பு "எதுவும் அப்படியல்ல" என்பதன்று. "அப்படியல்லாத ஒன்று உண்டு" என்பதே. 1879-இல் ஜெர்மானியரான பிரேகே, அளவுச்சொற்களை அடுக்கடுக்காகக் கோக்கும் குறியீட்டு மொழியை முதன்முதலாக முழுமையாக அமைத்தார். 1889-இல் இத்தாலியரான பியானோ எண்களின் அடிப்படை விதிகளையே குறியீட்டில் எழுதிக் காட்டினார்.

"தமிழில் இதெல்லாம் ஏது? தமிழ் பக்திக்கு ஏற்ற மொழி, தருக்கத்துக்கு ஆகாது" என்று மூக்கைச் சுளிப்போர் இன்றும் உண்டு. அவர்களுக்கு நம் இலக்கண நூல்களையே காட்டுவோம். உம் என்னும் இடைச்சொல்லின் பொருள்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் எட்டாகப் பகுத்தன. அவற்றில் ஒன்று முற்றும்மை; முழுமையைக் குறிப்பது; நாம் பேசும் அளவுச்சொல்லேதான்! அதோடு நின்றனவா? அந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தனி விதியே வகுத்தன. "எல்லா ஒற்றைப்படை எண்களும் பகா எண்கள் அல்ல" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பொருள் இரண்டு. ஒற்றைப்படை எண் ஒன்றேனும் பகா எண் அல்ல என்பது ஒரு பொருள். அது பொய், 3 இருக்கிறது. ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் பகா எண்ணாகிவிடாது, சில எஞ்சும் என்பது மற்றொரு பொருள். அது மெய், 9 இருக்கிறது. "அல்ல" என்பது அளவுச்சொல்லுக்கு முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்பதே வேறுபாடு. பிரேகே குறியீட்டால் பிரித்துக் காட்டிய இதே இருபொருளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இலக்கண ஆசிரியர் கண்ணுற்றனர். இதைக் காட்டிக் குறியீட்டு அளவையியலைத் தமிழனே கண்டுபிடித்தான் என்று தம்பட்டம் அடிக்கமாட்டோம். அது புராணிகர் தொழில். இந்த அறிவைத் தாங்கும் வலிமை தமிழுக்கு உண்டு என்று மட்டும் சொல்வோம்.

அடுத்து, கோயில் வாயிலில் விற்கப்படும் சிறு ஏட்டுக்கு வருவோம். "இன்னார்க்குப் பிள்ளை பிறந்தது, இன்னார்க்கு வழக்கு வென்றது" என்று பத்துப்பேரை அடுக்கி, "ஆகவே வேண்டிய எல்லோர்க்கும் பலிக்கும்" என்கிறது அது. "உண்டு" என்பதை நிறுவ ஒரு சான்று போதும். "ஒவ்வொன்றும்" என்பதை நிறுவப் பத்தும் போதாது, பத்துக் கோடியும் போதாது! எண்ணியலின் வரலாறே இதற்குச் சாட்சி. 2-ஐ 1, 2, 4, 8, 16 முறை அடுக்கிப் பெருக்கி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வருகின்றன. ஐந்தும் பகா எண்கள். அப்படியே எல்லாம் இருக்கும் என்று நம்பினார் பெர்மா என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர். அடுத்த எண் 4294967297. அதை 641 வகுக்கிறது என்று 1732-இல் காட்டினார் ஆய்லர். ஒரே எண், நம்பிக்கை நொறுங்கியது! ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுக. 0 முதல் 39 வரை, நாற்பது முறையும் பகா எண்ணே வரும். 40-ஐ இட்டால் 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கியது. 1919-இல் போல்யா எழுப்பிய ஓர் ஊகம் 1958-இல் பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டது. அது முதன்முதலாகப் பிசகும் எண் 906150257 என்பது 1980-இல் தெரிந்தது. தொண்ணூறு கோடிச் சான்றுகள் ஆதரவாக நின்றும் பயனில்லை!

2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்று 1742-இல் எழுந்தது கோல்ட்பாக் ஊகம். அதனைப் பெயர்த்தெழுதினால் இவ்வாறு அமையும்:

(ஒவ்வொரு ந-வுக்கும்): ந இரட்டை எண், மேலும் 2-ஐவிடப் பெரிது எனில், (ஒரு ப உண்டு) (ஒரு ம உண்டு): ப, ம இரண்டும் பகா எண்கள், மேலும் அவற்றின் கூட்டுத்தொகை ந.

2014-இல் வெளியான கணக்கீட்டின்படி, 4-ஐத் தொடர்ந்து 18 சுழிகள் போட்டால் வரும் எண் வரையில் இது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு எண்ணைப் பார்த்த பின்னும் "மெய்ப்பிக்கப்படவில்லை" என்றே கணித உலகம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. பத்துப் பக்தரைப் பார்த்தவுடன் "பலித்தது" என்று பறையறைவோர் இந்த அடக்கத்தைக் கற்கவேண்டாவா?

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. "24-க்கும் 28-க்கும் இடைப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் ஆயிரத்தைவிடப் பெரிது" என்ற கூற்று மெய்யா, பொய்யா? மெய்! இடையில் இருப்பவை 25, 26, 27. மூன்றும் பகு எண்கள். பகா எண்ணே அங்கே இல்லாதபோது அதைப் பற்றி எதைச் சொன்னால் என்ன? "எனில்" என்று தொடங்கும் முழுமைக் கூற்று, "உண்டு" என்று ஒருபோதும் உறுதி கூறுவதில்லை. "சொர்க்கம் சென்று திரும்பிய ஒவ்வொருவரும் அதன் இன்பத்தைப் புகழ்ந்தனர்" என்று சொல்வாரிடம், "மறுக்கவில்லை, ஐயா! திரும்பியவர் ஒருவர் உண்டு என்ற இரண்டாவது கூற்றை எழுதிக் கையெழுத்திடும்" என்று கேட்போம். பேனா நடுங்கும்!

இனி, "வேதக் கணிதம்". பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1965-இல் வெளிவந்த அந்த ஏட்டில் 16 சூத்திரங்கள் உள்ளன. அதர்வ வேதத்தைச் சார்ந்தவை என்று அவற்றுக்குப் பெருமை பேசப்பட்டது. ஆனால் கிடைத்துள்ள அதர்வ வேதப் பாடங்களில் அவை இல்லை என்பது அந்த ஏட்டின் பதிப்புரையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. வேதத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் கேள்வி வேறு. முந்தியதைவிட ஒன்று கூடியதைக் கொண்டு செய்க என்று பொருள்படும் ஒரு சூத்திரம். 5-இல் முடியும் எண்ணின் வர்க்கம் காணவும் அதுவே, பத்தொன்பதில் ஒரு பங்கைத் தசமமாக்கவும் அதுவே! எந்த எண்ணுக்கு, எந்த அளவுக்கு, ஏன் — ஒன்றும் அதில் இல்லை. தராசில் இட்டால் அந்த வர்க்கக் கணக்கு என்னாகிறது?

(ஒவ்வொரு ந-வுக்கும்): 10ந + 5 என்பதன் வர்க்கம் = 100 × ந × (ந + 1) + 25.

இரு பக்கமும் விரித்தால் 100ந² + 100ந + 25. ஒரு வரியில் மெய்ப்பிப்பு! 35-இன் வர்க்கம் 1225; 65-இன் வர்க்கம் 4225. அளவுச்சொல்லோடு எழுதியபின் இதில் வேதமும் இல்லை, வேதியரும் இல்லை. எட்டாம் வகுப்பு இயற்கணிதம் இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் சீடனாகிறான். கூற்றைப் பெயர்த்தெழுதியவன் சரிபார்ப்பவனாகிறான். சரிபார்ப்பவன் பெருகினால் குருபீடம் குடைசாயும் என்பதை அவர்கள் அறியாதவர்களா?

கடைசியாக ஓர் அம்பை எடுப்பார்கள். "1931-இல் கெடல் என்னும் மேதையே அறிவு தோற்றதென்று மெய்ப்பித்துவிட்டாரே, அறிவு எட்டாத உண்மை ஒன்று உண்டு, அதுவே பரம்பொருள்!" என்பார்கள். கெடல் கூறியது என்ன? எண்ணியலுக்குப் போதுமானதாய், முரண்பாடு அற்றதாய், விதிகள் தெளிவாய் வரையறுக்கப்பட்டதாய் உள்ள ஒவ்வோர் அமைப்புக்கும், அதனால் மெய்ப்பிக்கவும் மறுக்கவும் இயலாத ஒரு கூற்று உண்டு. இவர்கள் கூறுவதோ, ஒரு கூற்று உண்டு, அதை எந்த அமைப்பும் எட்டாது என்பது. மறுபடியும் அதே இட மாற்றம்! ஓர் அமைப்பு மெய்ப்பிக்காத கூற்றை அடிப்படை விதியாக ஏற்கும் வேறோர் அமைப்பு முரணின்றி அமையும். அதற்கு எட்டாதது வேறொரு கூற்றாக இருக்கும். ஊர்தோறும் ஒரு மேடு உண்டு என்றால், எல்லா ஊரையும் மறைக்கும் ஒரே மலை உண்டு என்று பொருளாகுமா? அதுமட்டுமா? அறிவின் எல்லையைக் காட்டியதும் அறிவே! கூற்றுகளைக் குறியீட்டில் பெயர்த்தெழுதிய காரணத்தால்தான் கெடலால் அதை மெய்ப்பிக்க முடிந்தது, அருள்வாக்கால் அன்று.

2004-இல், பகா எண்களின் பரவலைக் கூறும் பகா எண் தேற்றத்தின் மெய்ப்பிப்பு, படிக்குப் படி குறியீட்டில் எழுதப்பட்டுக் கணிப்பொறியால் சரிபார்க்கப்பட்டது. அந்தப் பொறி பூணூலைப் பார்க்கவில்லை, பட்டத்தைக் கேட்கவில்லை, எழுதியவர் ஆணா பெண்ணா என்று வினவவில்லை. இந்த வரி முந்திய வரியிலிருந்து வருகிறதா? இந்த ஒரே கேள்வியை அது ஒவ்வொரு வரியிடமும் கேட்டது. சமத்துவம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பள்ளியில் உண்டு?

தோழர்களே! தராசு எதிரியை நிறுக்க மட்டுமன்று; நம்மையும் நிறுக்கும். நம் மேடையில் "எல்லாரும்" என்று ஒருவர் முழங்கினால், விதிவிலக்கு ஒன்றைக் காட்டி எதிரி அவரை வீழ்த்திவிடுவான். "உண்டு" என்று சொல்லவேண்டிய இடத்தில் "உண்டு" என்று மட்டும் சொல்லும் பேச்சாளனை அசைக்க எவராலும் ஆகாது. ஆகவே படிப்பகந்தோறும் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். யூக்ளிட்டின் கூற்றையும் கோல்ட்பாக்கின் ஊகத்தையும் கரும்பலகையில் எழுதிப் பெயர்த்துப் பழகுங்கள். ஒவ்வொன்றின் மறுப்பையும் எழுதுங்கள். பழகியபின் தலபுராணத்தைக் கையில் எடுத்து, "எத்தனை பேருக்கு? எந்த ஒன்று? எது முன், எது பின்?" என்று கேளுங்கள்.

கேட்கத் தெரிந்தவனை ஏய்க்க இயலாது. இது ஒவ்வொருவருக்கும் பொருந்தும். "ஒவ்வொருவருக்கும்" என்பதன் எடையை அறிந்தே எழுதுகிறோம்!